வேனின் அடியில் கேட்கும் ‘டக் டக்’ சத்தம்



யுத்தத்திலும் 2004ஆம் ஆண்டு சுனாமியிலும் கணவரை இழந்து, இன்று ஒரு வாகனத்தின் வருமானத்தில் குடும்பத்தைக் கொண்டு செல்லும் பெண்கள் நமது கரையோர ஊர்களில் இருக்கின்றார்கள். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை வீடுகளுக்குப் போய்வரும்போது இவர்களைச் சந்திக்கின்றேன். வேன் அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கும். ஓட்டுவது சாரதி அல்லது மகன். பழுது என்று வந்தால் பணம் தேட வேண்டியவர் அவர்தான். ஆனால் என்ன பழுது என்று கேட்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை என்பது போலவே கராஜில் நடத்துகின்றார்கள். எனவே இம்மாதம் ஒரு சிறிய இரும்புத் துண்டைப் பற்றிப் பேசுவோம்.

அதன் பெயர் ஸ்டெபிலைசர் லிங்க். பெரும்பாலான கார்களிலும் பல வேன்களிலும் முன் சில்லுகளுக்குக் குறுக்கே ஓர் உருக்குக் கம்பி இருக்கும். வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கமாகச் சரியும். அப்போது இந்தக் கம்பி முறுகி, அந்தச் சரிவைக் குறைக்கின்றது. கம்பியின் இரு முனைகளையும் சில்லுப் பக்கத்தோடு இணைக்கும் சிறிய தண்டுகள்தான் லிங்க். ஒவ்வொரு லிங்கின் இரு முனைகளிலும் பந்து போன்ற மூட்டு, அதற்குள் கிறீஸ், அதன்மேல் றப்பர் உறை. சில பழைய வாகனங்களில் மூட்டுக்குப் பதிலாக நீண்ட போல்ட்டும் றப்பர் புஷ்களும் இருக்கும். முச்சக்கரவண்டியில் இது இல்லை.

நமது ஊர்களில் உப்புக் காற்றும் மணலும் குறைவில்லை. றப்பர் உறை கிழிந்தால் ஈரமும் மணலும் உள்ளே போகும், கிறீஸ் வீணாகும், மூட்டுத் தேயும். பிறகு குண்டும் குழியுமான உள்வீதியில் மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ என்று தட்டும். காபட் வீதியில் ஏறியதும் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்றை வைத்திருக்கும் ராத்தா ஒருவரிடம், இந்தச் சத்தத்துக்கு ஸ்டியரிங் றெக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொல்லியிருந்தார்கள். “காப்ப அடகு வெச்சிட்டு வாறன் புள்ள” என்றார் என்னிடம். அடகு வைக்குமுன் இன்னொரு பாஸிடம் காட்டுவோம் என்று இருவருமாகப் போனோம். அவர் வண்டியின் கீழே கையை விட்டு லிங்கை ஆட்டினார். அது கடகடவென்று ஆடியது. இரு பக்க லிங்கும் மாற்றியதோடு சத்தம் நின்றது. காப்பும் கையில் இருந்தது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடையில் 2022 பொருளாதார நெருக்கடியும் வந்தது. பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. இந்த நிலையில் பழுதின் பெயர் தெரியாதவரே அதிகம் இழக்கின்றார்.

செலவை நினைத்துச் சத்தத்தோடே ஓடவும் கூடாது. லிங்க் முற்றாக உடைந்தால் கம்பி வேலை செய்யாது. மாட்டுக்கோ நாய்க்கோ சட்டென்று விலத்தும்போது வண்டி வழக்கத்தைவிட அதிகமாகச் சரியும். உயரமான வண்டிக்கு இது சிறிய விடயமல்ல. 1997இல் சுவீடனில், வீதியில் குறுக்கிடும் பெரிய மானுக்கு விலத்துவது போன்ற சோதனையில் புதிய மெர்சிடிஸ் கார் ஒன்றே புரண்டது. அந்தக் கம்பனி விநியோகத்தை நிறுத்தி, சஸ்பென்ஷனை மாற்றியமைத்தது. நமது வேனில் இருப்பவர்கள் பிள்ளைகள்.

கராஜில் நாம் கவனிக்க வேண்டியவை:

• முன் சில்லுகள் இரண்டும் சமமாகத் தரையில் இருக்கும்போது லிங்கை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கினால் கம்பி முறுகி லிங்கை இறுக்கிவிடும். தேய்மானம் கையில் தெரியாது.

• கழற்றும்போது வண்டி ஸ்டான்டின் மேல் நிற்க வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி எவரையும் கீழே போக விடாதீர்கள்.

• இரு பக்கமும் ஒன்றாக மாற்றுவது நல்லது. நட்டும் புதிதாக இருக்கட்டும். மூட்டின் தண்டு சேர்ந்து சுழலாமல் அலன் கீயால் அல்லது இன்னொரு ஸ்பனரால் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். இறுக்கத்தின் அளவு ஒவ்வொரு மொடலுக்கும் வேறுபடும். புஷ் உள்ள வகையை மிதமிஞ்சி இறுக்கினால் றப்பர் நசிந்துவிடும்.

• லிங்க் சில்லின் கோணத்தைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே இதற்காக மட்டும் வீல் எலைன்மென்ட் செய்யத் தேவையில்லை.

• கழற்றிய பழைய லிங்கைக் கேட்டு வாங்குங்கள். பொருளுக்குப் பற்றுச்சீட்டும் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவே வேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் உண்டு.

பராமரிப்பு பெரிய வேலையல்ல. ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் றப்பர் உறை கிழிந்துள்ளதா என்று பாருங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய வண்டியின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பெரும்பாலான லிங்குகள் மூடப்பட்டவை. அவற்றுக்குக் கிறீஸ் ஏற்ற முடியாது. தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் வலுவூட்டல் பற்றிக் கூட்டங்களில் நிறையப் பேசுகின்றோம். தனது உழைப்புச் சாதனத்தைப் பற்றித் தானே கேட்டறிந்து தீர்மானம் எடுப்பதும் வலுவூட்டல்தான். அடுத்த முறை சாரதி “சத்தம் கேட்குது” என்றால், பணத்தைக் கொடுத்தனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். “முதலில் லிங்கைப் பாருங்கள்” என்று சொல்லுங்கள்.