மேட்டூருக்கு அடிக்கணக்கு இருக்கு, ஆபரேஷனுக்கு?

"கொரோனா சமயத்துல தள்ளிப்போன ஆபரேஷன் எல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு" என்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். எத்தனை தள்ளிப்போனது, எத்தனை முடிந்தது? பதில் வராது!

உச்சகட்ட 12 வாரங்களில் மட்டும் உலகம் முழுக்க 2.84 கோடி அறுவை சிகிச்சைகள் தடைபடும் என்று 2020-ல் கோவிட்சர்ஜ் ஆய்வுக்குழு கணித்தது. இங்கிலாந்தில் காத்திருப்போர் கணக்கு மாதாமாதம், ஆஸ்பத்திரிவாரியாக வெளிவருகிறது. 2023 செப்டம்பரில் சுமார் 77 லட்சம். கேவலமான எண்தான், ஆனால் அதை வைத்து அமைச்சரைக் கேள்வி கேட்கலாம். தஞ்சாவூர்க்காரர் எதை வைத்துக் கேட்பார்?

40 கிலோ நெல் மூட்டை தூக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். குடலிறக்கம். 2020-ல் பஸ்ஸே ஓடவில்லை. அப்புறம் போனால் "பிறகு வாங்க". ஸ்கேன் எடுத்தால்தான் தேதி, ஸ்கேனுக்கே தனி வரிசை. காசுள்ளவர் தனியாரிடம் அன்றைக்கே எடுத்துவிட்டார். இவர் மறுபடி மூட்டை தூக்கப் போய்விட்டார். எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. அதற்குப் பெயர்தான் "நிலுவை இல்லை"யாம்! எழுதாத கடன் கடனே இல்லை என்று எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

ஊருக்கு ஊர் வித்தியாசம் வேறு. நாகப்பட்டினத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததே 2022 ஜனவரியில். அதுவரை வேதாரண்யத்துக்காரருக்குத் திருவாரூர் அல்லது தஞ்சாவூர்தான் கதி.

அதே 2020-ல் ஜூன் 12 அன்று மேட்டூர் அணை தேதி தவறாமல் திறந்தது. நீர்மட்டம், வரத்து, திறப்பு எல்லாம் தினமும் பேப்பரில் வருகிறது, டீக்கடையில் எல்லோருக்கும் அத்துப்படி. கொள்முதல் நிலையத்தில் நெல் விலை எழுதிப் போடுவதுபோல ஆஸ்பத்திரி வாசலிலும் ஒரு போர்டு வைக்கட்டும்: ஸ்கேனுக்கு இத்தனை பேர், ஆபரேஷனுக்கு இத்தனை பேர், எத்தனை நாளாக.