பெயர் போன பேருந்து



சென்ற மாதம் கிளாம்பாக்கத்தில் திருநெல்வேலி வண்டிக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் மஞ்சள் பையோடு நின்ற பெரியவர், "இது திருவள்ளுவர் தானே தம்பி?" என்று நடத்துநரைக் கேட்டார். நடத்துநருக்கு முப்பது வயதுகூட இருக்காது, விழித்தார். "ஆமாங்கய்யா, ஏறுங்க" என்றேன் நான். வண்டியின் நெற்றியில் அதன் இப்போதைய பெயரான எஸ்.இ.டி.சி. என்றுதான் இருந்தது.

1972-இல் தனியார் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்டபோது சென்னைக்குப் பல்லவன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன், மதுரைக்குப் பாண்டியன் என்று மன்னர்கள் சாலைக்கு வந்தார்கள். 1975-இல் பல்லவனுக்குள் ஒரு விரைவுப் பிரிவு முளைத்தது. 1980-இல் அது திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகமாகத் தனிக்குடித்தனம் போனது. எல்லா ஊருக்கும் போகிற வண்டிக்கு, எல்லா ஊரும் சொந்தம் கொண்டாடுகிற ஒருவரின் பெயர்! சிறுவயதில் பாரிமுனையில் ஏறினால், ஓட்டுநருக்குப் பின்னால் எழுதியிருக்கும் குறள் விழுப்புரம் வருவதற்குள் எனக்கு மனப்பாடமாகிவிடும். பொருள் புரிந்ததா என்று கேட்காதீர்கள்.

மன்னர்களைத் தொடர்ந்து மாவட்டத்துக்கொரு பெயர். நெல்லையில் கட்டபொம்மன், நாகர்கோவிலில் நேசமணி, ஈரோட்டில் ஜீவா, திண்டுக்கல்லில் ராணி மங்கம்மாள். 1997-இல் விருதுநகர்க் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படைத்தளபதி. ஆனால், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு அந்த ஆண்டே எல்லாக் கழகங்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. கட்டபொம்மனும் போனார், ஜீவாவும் போனார், யார் வம்புக்கும் போகாத வள்ளுவரும் போனார். எனக்கு அதில் இன்னும் மனத்தாங்கல்தான். ஏற மறுத்தவர்களிடம் பேசுவதைவிட, வண்டிக்குப் பெயின்ட் அடிப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

உங்கள் ஊரில் எந்தப் பெயர் ஓடியது? அதில் போன முதல் பயணம் எது? ஒரு அஞ்சலட்டையில் எழுதுங்கள். அந்தக் காலத்துப் பயணச்சீட்டு எதுவும் புத்தகத்துக்குள் கிடந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.

பெரியவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. செங்கல்பட்டு தாண்டியதும் என் பக்கம் திரும்பி, "கண்ணாடி எடுத்துட்டு வரல. முன்னால என்ன குறள் போட்டிருக்கான், கொஞ்சம் படிங்க" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்