சளியில் தெரியும் கிருமி எல்லாம் காசநோயா?

காசநோய் வந்து குணமானவர்கள் பலருக்கு நுரையீரலில் தழும்பும், விரிந்துபோன மூச்சுக்குழாய்களும் மிஞ்சுகின்றன. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இருமல், சளி, எடைக் குறைவு. நுண்ணோக்கியில் சளியைப் பார்த்தால் கிருமி தெரிகிறது. “டிபி திரும்ப வந்துவிட்டது” என்று சொல்லி, பழைய மாத்திரைகளையே மறுபடி எழுதிக் கொடுக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

காசநோய்க் கிருமியும் அதன் உறவுக் கிருமிகளும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே தெரியும். மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழும் இந்த உறவுக் கிருமிகளை மருத்துவர்கள் என்டிஎம் என்பார்கள். ஆரோக்கியமான நுரையீரலை இவை பெரும்பாலும் தொடுவதில்லை. தழும்பேறிய நுரையீரலிலும், புகையாலோ விறகடுப்பாலோ சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வந்த நுரையீரலிலும்தான் குடியேறுகின்றன. ஆகவே யாரிடம் என்டிஎம்மை அதிகம் சந்தேகிக்க வேண்டுமோ, அவர்களிடமே சந்தேகிக்காமல் விடுகிறோம்.

விளைவு சிறியதல்ல. இவற்றில் அடிக்கடி காணப்படும் ஏவியம் வகைக்கு ஐசோனியசிட், பைராசினமைடு இரண்டும் பயன்படா. அப்செசஸ் வகைக்கோ வழக்கமான காசநோய் மருந்து எதுவும் பயன்படாது. மருந்து கேட்காதபோது, “மருந்துக்கு அடங்காத டிபி” என்ற முத்திரையும் விழுகிறது. பொதுவாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாத நோய்க்காக, வீட்டில் அவருக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கப்படுகின்றன. அந்த அவமானத்துக்கு யார் பதில் சொல்வது?

அறியாமையைக் காரணம் காட்ட முடியாது, தமிழ்நாட்டில் அறவே முடியாது. 1968-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வில் பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. அந்தப் பகுதி மக்கள் சூழலில் உள்ள இத்தகைய கிருமிகளோடு முன்பே பழகியிருந்தது அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. உலகமே படித்த அந்த ஆய்வு நம் மண்ணில் நடந்தது. சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது.

இன்னொரு தவறும் நடக்கிறது. மூச்சுக்குழாய் விரிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி சளி கட்டாமலிருக்க அசித்ரோமைசினை மாதக்கணக்கில் தருகிறார்கள். உள்ளே என்டிஎம் இருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் தந்தால், அந்தக் கிருமி அதற்குப் பழகிவிடும். ஏவியம் வகைக்கு எதிரான சிகிச்சையின் முதுகெலும்பே அசித்ரோமைசின் சேர்ந்த மருந்துக் குடும்பம்தான். அதை வீணடிக்க எவருக்கும் உரிமை இல்லை.

சளியில் கிருமி தெரிந்து, சிபிநாட் என்ற மரபணுச் சோதனையில் காசநோய் இல்லை என்று வந்தால், அந்தச் சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பி வகையைக் கண்டறிவது கட்டாயமாக வேண்டும். ஒரேயொரு கல்ச்சரை நம்பியும் சிகிச்சையில் இறங்கக் கூடாது. தனித்தனியாக எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது அதே கிருமி வளர வேண்டும் என்பதே மருத்துவ நெறி. உறுதியானபின், சளி சுத்தமானதிலிருந்து ஓராண்டு தொடர வேண்டிய மருந்துகளைக் காசநோய் மருந்துகளைப்போல அரசே இலவசமாகத் தர வேண்டும். காசநோயாளி ஒவ்வொருவரையும் பதிவு செய்ய 2012-லேயே ஆணையிட்ட மத்திய சுகாதார அமைச்சகம், என்டிஎம் நோயாளிகளுக்கும் பதிவேட்டைத் திறக்க வேண்டும். மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை அதற்காகக் காத்திருக்காமல், மறுபடியும் காசநோய் மாத்திரை தரப்பட்டிருக்கும் பழைய நோயாளிகளின் சளியை இப்போதே கல்ச்சருக்கு அனுப்பட்டும்.