பக்குவம் இல்லாதது யாருக்கு?

ரோமியோவும் ஜூலியட்டும் செத்ததற்குக் காரணம் என்ன என்று பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆங்கில இலக்கியம் படிக்கிற மாணவர் யாரையாவது எழுப்பிக் கேளுங்கள். தூக்கத்திலேயே பதில் வரும்: "இளமையின் பக்குவமின்மை". அவசரப்பட்டார்கள், பெரியவர்கள் பேச்சைக் கேட்கவில்லை, செத்தார்கள். பத்து மார்க். அடுத்த கேள்வி.

அவசரம் இல்லையா? இருக்கிறது. காலையில் ரோசலினுக்காக உருகியவன் ராத்திரி ஜூலியட்டைப் பார்த்ததும் பழைய பெயரை மறந்துவிடுகிறான். மறுநாளே கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு இன்னும் 14 வயது முடியவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை! மொத்த நாடகமும் நான்கைந்து நாளில் முடிந்துவிடுகிறது.

ஆனால் அவளைச் சுற்றி நின்ற பெரியவர்களைக் கொஞ்சம் பாருங்கள். வியாழக்கிழமை பாரிஸைக் கட்டிக்கொள், இல்லையென்றால் தெருவில் கிடந்து சாவு என்று மிரட்டுவது பெற்ற அப்பா. ரகசியமாகக் கல்யாணம் செய்துவைத்து, பிறகு 42 மணி நேரம் பிணம்போலக் கிடக்க மருந்து கொடுப்பது பாதிரியார். அவர் அனுப்பிய கடிதம் கொள்ளைநோய்க் கெடுபிடியில் மாட்டிக்கொண்டு ரோமியோவிடம் போய்ச் சேரவே இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் அப்படி என்னதான் பகை? ஷேக்ஸ்பியர் கடைசிவரை சொல்லவில்லை. காரணமே தெரியாத பகையைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்தவர்கள் பக்குவப்பட்டவர்களாம்!

வெரோனா வரை போவானேன்? தமிழிலேயே அம்பிகாபதி, அமராவதி இருக்கிறார்கள். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடிக்க, 1937இல் எல்லிஸ் ஆர். டங்கன் எடுத்த 'அம்பிகாபதி'யின் காதல் காட்சிகளில் ரோமியோ ஜூலியட்டின் சாயல் உண்டு. வரலாற்று ஆதாரம் இல்லாத செவிவழிக் கதைதான். கதையில் வரும் மன்னன் குலோத்துங்க சோழன் என்பார்கள். குலோத்துங்கர்களின் தலைநகரமோ ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரம். ஆக, அரியலூர்க்காரர்கள் தாராளமாக உரிமை கொண்டாடலாம் :-)

கம்பர் மகன் அரசன் மகளைக் காதலிக்கிறான். காதல் வாடை இல்லாமல் நூறு பாட்டுப் பாடினால் பெண், தவறினால் தலை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட அமராவதி, 99லேயே நூறு முடிந்தது என்று எட்டிப் பார்க்கிறாள். அவளைக் கண்டவுடன் அவன் காதலைப் பாடிவிடுகிறான். தலை போகிறது. உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: பொறுமை இல்லாத பசங்க! கணக்கில் ஒன்று பிசகினால் பரீட்சையில் மார்க் போகும், உயிரா போகும்? எண்ணத் தெரியாத பெண்ணைத் திட்டுகிறவர்கள், அந்தப் பரீட்சையை வைத்தவனைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?

கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமாம். பொறுத்திருந்தவர்களும் உண்டு. அரியலூரில் சென்னை ரயிலைப் பிடித்தால் வழியில் விருத்தாசலம் வரும். அதற்குப் பக்கத்தில் இருக்கிறது புதுக்கூரைப்பேட்டை. முருகேசன் தலித், ரசாயனப் பொறியியல் படித்தவர். கண்ணகி வன்னியர், அவரும் படித்தவர். இருவருமே சட்டப்படி வயது வந்தவர்கள். 2003 மே மாதம் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். உடனே ஊரைவிட்டு ஓடவில்லை. முதலில் ஒரு வேலை கிடைக்கட்டும் என்று அவரவர் வீட்டிலேயே இருந்தார்கள். பெரியவர்கள் கேட்கிற நிதானம் இதைவிட வேறு என்ன?

விஷயம் வெளியே தெரிந்தது. 2003 ஜூலை 8 அன்று ஊரார் முன்னிலையில் இருவருக்கும் விஷத்தை ஊற்றிக் கொன்று, உடல்களை எரித்தார்கள். தண்டனை பெற்றவர்களில் கண்ணகியின் தந்தை உண்டு, அண்ணன் உண்டு, சட்டம் ஒழுங்கைக் காக்கச் சம்பளம் வாங்கிய காவல் அதிகாரிகளும் உண்டு. "பக்குவமின்மை" என்ற பத்து மார்க் பதிலை இந்த வழக்கில் யார் பெயருக்கு நேராக எழுதுவது?

வழக்கு சிபிஐ கைக்குப் போய், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று சொன்னபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. 18 ஆண்டுகள்! அவர்களில் இருவரை உயர் நீதிமன்றம் 2022இல் விடுவித்தது. மற்றவர்களின் மேல்முறையீடுகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது 2025 ஏப்ரலில். உயிரோடு இருந்திருந்தால் அதற்குள் இருவருமே நாற்பதைத் தாண்டியிருப்பார்கள்.