தேங்காய் எண்ணெய் தலைக்கு, ட்ரம்பெட்டுக்கு அல்ல

தேங்காய் எண்ணெய் நல்ல எண்ணெய். தலைக்குத் தேய்க்கலாம், அவியலில் ஊற்றலாம். ட்ரம்பெட் வால்வுக்குள் விடக் கூடாது. இதைச் சொல்ல ஒரு கட்டுரை வேண்டுமா என்றால், வேண்டும். ஏனென்றால் தூத்துக்குடி, மணப்பாடு, வேம்பார் என்று இந்தக் கரை முழுக்கக் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற பேண்டு செட்டுகளில் இன்றைக்கும் அதைத்தான் விடுகிறார்கள். அதை விடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைப் பார்த்து, "ஆகா, மண்ணின் அறிவு!" என்று உருகுகிற நம்மைப் போன்ற படித்த கூட்டத்தின் மேல்தான் கோபம்.

இந்த உருகலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஒரு வயதான கலைஞர், கையில் நெளிந்த பித்தளைக் கருவி, பக்கத்தில் ஒரு நீல நிறத் தேங்காய் எண்ணெய் பாட்டில், கறுப்பு வெள்ளைப் புகைப்படம். கீழே இரண்டு வரி: வெளிநாட்டுக்காரன் ஆயிரம் ரூபாய்க்கு எண்ணெய் வாங்குவான், நம்மாளு இருக்கிறதை வெச்சு சமாளிப்பான். இந்த "சமாளிப்பான்" என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன். சமாளிப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரோ கொடுக்கிறார்கள். அது யார் என்று கேட்காமல் ரசிப்பது சோம்பேறித்தனம்.

முதலில் அந்த வால்வுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ட்ரம்பெட்டில் மூன்று பிஸ்டன்கள். ஒவ்வொன்றும் ஓர் உறைக்குள் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனில் குறுக்கே துளைகள் இருக்கும். விரலால் அழுத்தினால் காற்று நேர்வழியை விட்டு ஒரு கூடுதல் குழாய் வழியாகச் சுற்றி வரும், ஸ்வரம் இறங்கும். 1818இல் ஷ்டோல்ட்சல், ப்ளூமல் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதற்கு முன்னால் ட்ரம்பெட்டுக்கு எண்ணெயே தேவைப்படவில்லை. ராணுவ பியூகிளுக்கு இன்றும் வேண்டாம், நம்ம ஊர் சங்குக்கும் வேண்டாம். அசைகிற பாகம் வந்ததும் எண்ணெய் வந்தது.

பிஸ்டனுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அந்த இடத்தில் எண்ணெய்க்கு இரண்டு வேலை. வழுக்க வைப்பது எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, அந்த இடுக்கை அடைப்பது. எண்ணெய்ப் படலம் இல்லையென்றால் காற்று பக்கவாட்டில் கசியும், சத்தம் சப்பென்று ஆகும். ஆக, எண்ணெய் ரொம்பக் கெட்டியாக இருந்தால் பிஸ்டன் மேலே வராது, ரொம்ப நீர்த்திருந்தால் கசிவை அடைக்காது. போதாததற்கு வாசிப்பவரின் மூச்சிலுள்ள ஈரம் வேறு உள்ளே குளிர்ந்து தண்ணீராகிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரோடும் இந்த எண்ணெய் குடித்தனம் நடத்த வேண்டும்.

இப்போது தேங்காய் எண்ணெயைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவாருங்கள். அது சுமார் 24 டிகிரியில் உறைகிற பொருள். மார்கழி விடியலில் தூத்துக்குடியிலேயே வெப்பம் அதற்குக் கீழே இறங்கும். குளியலறைப் பாட்டிலில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே மாதம்தான் கிறிஸ்துமஸ். பின்னிரவில் வாடைக் காற்றில் நின்று வாசிக்கிறவரின் பிஸ்டனுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. வாசித்துக்கொண்டே இருந்தால் மூச்சுச் சூட்டில் ஓடும். பூசை நேரத்தில் கால் மணி நேரம் கருவியை மடியில் வைத்தால் போச்சு.

சரி, வெயில் காலத்தில்? பனிமய மாதா கோயில் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 26இல் கொடியேற்றம், ஆகஸ்ட் 5இல் பெருவிழா. கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கிற நாட்கள் அவை. எண்ணெய் உருகி நன்றாகத்தான் ஓடும். ஆனால் அது கெட்டி எண்ணெய், எளிதில் ஆவியாகாது, பறந்து வருகிற மணல்தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் என்ன? உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். ஒவ்வொரு அழுத்தலிலும் பிஸ்டனின் முலாம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து பச்சையாக ஒரு பிசினையும் உண்டாக்கும். கழற்றித் துடைத்தால் துணியில் வருமே, அந்தப் பச்சை. "களிம்பு ஏறிருச்சு" என்பார்கள். களிம்பு வெளியிலிருந்து ஏறவில்லை, பாதிக்கு மேல் நாமே ஊற்றியது.

உப்புக் காற்றைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றிப் பேச முடியாது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து போகும், அங்கங்கே இளஞ்சிவப்புப் புள்ளி விழும், அந்த இடம் சோகை பிடித்ததுபோல் பலவீனமாகும். (பித்தளையின் இன்னொரு வியாதி இந்தியாவில்தான் பெயர் வாங்கியது. பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக்கள் மழைக்காலத்தில், குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, தானாக வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கருவிகளை அடுக்கி வைக்கிற மாஸ்டர்கள் கவனிக்க.)

ஒரு திருவிழாவின் இடைவேளையில், டீக்கடையில், ட்ரம்பெட் வாசிக்கிற ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, வால்வுக்கு என்ன எண்ணெ விடுறீங்க?"

"எது கெடைக்கோ அது தம்பி. டைலர் கடையில கேட்டா மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு குடுப்பான். இல்லன்னா தேங்கா எண்ணெ. அவசரத்துக்கு எச்சி."

"மாஸ்டர் வாங்கித் தர மாட்டாரா?"

"கருவி அவருது, வாய் நம்மளுது. ரெண்டுக்கும் நடுவுல உள்ளதுக்கு யாரு காசு குடுப்பா?"

பல செட்டுகளில் கருவி மாஸ்டருடையது. வாசிக்கிறவர் நாள் கூலிக்கு வருகிறார். இன்றைக்கு இந்தக் கருவி, நாளைக்கு வேறு செட்டில் வேறு கருவி. கருவி தேய்ந்தால் நஷ்டம் மாஸ்டருக்கு, ஆனால் அது மெதுவாக நடக்கிறது, அவர் கண்ணுக்குத் தெரியாது. இன்றைக்கு வால்வு பிடித்தால் அவமானம் வாசிக்கிறவருக்கு, அது உடனே தெரியும். என் தொழிலில் இதை நன்றாகவே அறிவேன். எழுதியவன் ஒருத்தன், பராமரிக்கிறவன் இன்னொருத்தன், ராத்திரி இரண்டு மணிக்குப் போன் எடுக்கிறவன் மூன்றாமவன் என்றால் அந்த மென்பொருள் என்ன கதிக்கு ஆளாகும் என்று கேட்டுப் பாருங்கள். நாங்களாவது குளிரூட்டப்பட்ட அறையில் உட்கார்ந்து திட்டுவோம்.

தேய்ந்த பிஸ்டன் கசியும் என்றேன் இல்லையா? அந்தக் கசிவை ஈடுகட்டுவது வாசிப்பவரின் மூச்சு. ஒரே சத்தத்துக்குக் கூடுதலாக ஊத வேண்டும், உதட்டைக் கூடுதலாக அழுத்த வேண்டும். பிஸ்டன் மேலே வர மறுத்தால் விரலால் கொக்கிபோட்டு இழுத்து விடுகிற வித்தையை நம்ம ஆட்கள் பழகி வைத்திருக்கிறார்கள். வேகமான சினிமாப் பாட்டில் அது முடியாது, அதனால் சில ஸ்வரங்களை விழுங்கிவிடுவார்கள். கேட்கிற நாம் "பேண்டு செட்டுன்னா இப்படித்தான், கொஞ்சம் அபஸ்வரமா இருக்கும்" என்று சிரிப்போம். இப்போது சொல்லுங்கள், சமாளிப்பதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

இங்கே எதிர்க்கட்சி வாதங்கள் இரண்டு உண்டு. ஒன்று, "இறக்குமதி எண்ணெய் என்பது காலனிய மனநிலை." ஐயா, ட்ரம்பெட்டே இறக்குமதி. ராணுவத்தோடும் மிஷனரிகளோடும் வந்து, தஞ்சாவூர் அரண்மனையில் வாசிக்கப்பட்டு, மீரட்டில் ஜாலி கோட்டிப் பக்கம் பட்டறை போட்டு, நாதிர் அலி கம்பெனி 1885இலிருந்து விற்று, இந்த நாட்டுக் கருவியாக ஆனது. கருவியை ஏற்றுக்கொண்டு எண்ணெயில் மட்டும் சுதேசி பேசுவது வேடிக்கை. வ.உ.சி. கப்பல் விட்ட ஊர் இது. அந்தச் சுதேசிக் கப்பலின் நீராவி எஞ்சினுக்குத் தேங்காய் எண்ணெய் ஊற்றச் சொன்னதாக நான் படித்ததில்லை.

இதே கரையில் ஒரு வள்ளக்காரரிடம் போய், எஞ்சின் ஆயில் தீர்ந்துவிட்டது, வீட்டிலிருந்து நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். துடுப்பை எடுத்துக்கொண்டு வருவார். 20டபிள்யூ-40 என்றால் 20டபிள்யூ-40தான். எந்தப் பாகத்துக்கு எந்த கிரீஸ் என்பதில் அவ்வளவு கறார். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் உயிர் போகும் என்று அவருக்குத் தெரியும். அதே வள்ளக்காரர் திருவிழாக் கமிட்டியில் உட்கார்ந்து பேண்டுக்கு முன்பணம் கொடுக்கும்போது எண்ணெயைப் பற்றி நினைப்பதில்லை. அறிவு இல்லாமல் இல்லை. அந்த ட்ரம்பெட்டை அவர் ஓர் இயந்திரமாகப் பார்ப்பதே இல்லை.

இலக்கியக்காரர்களும் பார்ப்பதில்லை. வண்ணநிலவனின் கடல்புரத்தில் தொடங்கி ஜோ டி குருஸின் கொற்கை வரை இந்தக் கரைக்கு நல்ல நாவல்கள் வாய்த்திருக்கின்றன. மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். தோலும் கட்டையும் யார் கையில் எப்படி வாத்தியமாகிறது என்று அதன் பிறகு கொஞ்சமாவது பேசுகிறோம். நாதஸ்வரச் சீவாளி பற்றி மணிக்கணக்கில் பேச ஆள் உண்டு. பேண்டு வாத்தியம் என்று வந்தால் மட்டும் அது கதையில் ஒரு பின்னணிச் சத்தம், சவ ஊர்வலத்தின் சோகத்துக்கு ஒரு குறியீடு. குறியீட்டுக்கு எண்ணெய் தேவைப்படாது.

இரண்டாவது வாதம், விலை. கணக்குப் போடுவோம். ஒரு வால்வு எண்ணெய் பாட்டில் ஐந்நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே, 60 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லிக்கு இருபது சொட்டு என்றால் 1200 சொட்டு. ஒரு பிஸ்டனுக்கு மூன்று, மூன்று பிஸ்டனுக்கு ஒன்பது. வாசிக்கிற நாளில் ஒரு தடவை விட்டால் 130 நாளுக்கு மேல் வரும். ஒரு நாளைக்கு நான்கு ரூபாய்கூட இல்லை. அண்ணாச்சியும் நானும் குடித்த டீ அதைவிட விலை.

இதற்கு நேரெதிரான ஒரு முட்டாள்தனமும் இருக்கிறது, அதையும் விட்டுவைக்க மனமில்லை. பட்டணத்து இசைக்கருவிக் கடைக்குப் போனால் "இதுதான் சார் டாப், செம ஃபாஸ்ட்" என்று இருப்பதிலேயே மெல்லிய எண்ணெயைத் தலையில் கட்டுவார்கள். அது புதுக் கருவிக்கு, இடைவெளி இறுக்கமாக இருக்கிற பிஸ்டனுக்கு. இருபது வருடம் உப்புக் காற்றில் அடிபட்ட மீரட் யூபோனியத்தில் அதை விட்டால் அடைக்காது, அரை மணியில் காய்ந்துவிடும். செயற்கை எண்ணெய் செய்கிற கம்பெனிகள் பல, யமஹா உட்பட, இதற்காகவே மூன்று தடிமனில் விற்கின்றன: லைட், ரெகுலர், விண்டேஜ் என்று. நம் கரைக் கருவிகளில் பலவற்றுக்கு அந்தக் கடைசி ரகம்தான் சரி. விலை அதிகமானதை வாங்கு என்று நான் சொல்லவில்லை. பிஸ்டனைக் கையில் எடுத்து, எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து வாங்கு என்கிறேன்.

அந்த டைலர் கடை மெஷின் ஆயிலைப் பற்றியும் நியாயமாகப் பேச வேண்டும். அது சுத்தமான கனிம எண்ணெய், ஊசிப்போகாது, உறையாது. வால்வு எண்ணெயைவிடக் கெட்டி, அதனால் வேகம் குறையும். தேய்ந்த கருவியில் அவசரத்துக்கு அது பரவாயில்லை, தேங்காய் எண்ணெயைவிட எவ்வளவோ மேல். மண்ணெண்ணெய் விட்டவர்களும் முட்டாள்கள் இல்லை. பழைய வால்வு எண்ணெய்களே மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய சொந்தம்தான், நன்றாகச் சுத்திகரித்து நாற்றம் எடுத்தது. ஆனால் ரேஷனில் வந்த நீலச்சாயம் போட்டது வேறு. சீக்கிரம் பறந்துவிடும், நாறும், வாய்க்குப் பக்கத்தில் வைக்கிற பொருளும் இல்லை. மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுவிடும். டபிள்யூடி-40ஐ அடிக்கிறவர்களுக்கு ஒரே பதில்: அது கதவுக்கு.

எண்ணெய் மாற்றுவதற்கு முன் பழையதைக் கழுவ வேண்டும். பச்சைப் பிசினுக்கு மேலே நல்ல எண்ணெய் விட்டால் இரண்டும் சேர்ந்து இன்னொரு புதுப் பிசினாகும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, நூல் பிரியாத துணி, அவ்வளவுதான். ஃபெல்ட் வளையங்களைக் கழற்றி வைத்துவிடுங்கள், நனையக் கூடாது. புளியும் பிராசோவும் வெளியே பளபளக்க வைப்பதற்கு, உள்ளே போனால் பிஸ்டனை அரித்துத் தேய்த்துவிடும். பிஸ்டன்களில் 1, 2, 3 என்று எண் வெட்டியிருக்கும், மாறிப் போனால் காற்றே போகாது. அடிமூடியின் ஓட்டை வழியாக எண்ணெயைப் பீய்ச்சாதீர்கள், கீழே தங்கியிருக்கிற அழுக்கு முழுக்க மேலே ஏறும். மேல்மூடியைத் திருகி, பிஸ்டனைப் பாதி தூக்கி, பக்கங்களில் மூன்று சொட்டு. கடற்கரையில் வாசித்து வந்தால் ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, அப்புறம் காய்ந்த துணி.

கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. திருவிழா வரவு செலவு நோட்டில் மைக் செட், பந்தல், வாணவெடி, பேண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். பேண்டுக்குக் கீழே இன்னொரு வரி போடுங்கள்: வால்வு எண்ணெய், இரண்டு பாட்டில், ஆயிரம் ரூபாய். கொடியேற்றத்தன்று மாஸ்டர் கையில் கொடுக்க வேண்டாம். வாசிக்கிறவர்கள் கையில் கொடுங்கள்.