பழைய கணினியும் கொடுத்த வாக்கும்

முன்பு நான் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயமொன்றில் பழைய கணினிகளை நிறுத்துப் பழைய இரும்பு வியாபாரியிடம் கொடுத்தார்கள். வன்தட்டுகளைக் கழற்றினீர்களா என்று கேட்டேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டோம், ஐயா" என்றார் பொறுப்பாயிருந்த தம்பி.

கணினியில் அழிப்பதென்பது பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போன்றதுதான். பக்கங்கள் உள்ளேயே கிடக்கும், தெரிந்தவன் வாசிப்பான். அந்தப் பக்கங்களில், பெயர் வெளியே வராது என்ற எங்கள் வாக்கை நம்பித் தகவல் தந்தவர்கள் இருந்தார்கள். நம் நாட்டில் அத்தகைய பெயரொன்றின் விலையை வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பெரிய இடங்களும் இதில் தவறியிருக்கின்றன. அமெரிக்காவின் மோர்கன் ஸ்டான்லி நிறுவனம், தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத, பொருட்களை இடம்மாற்றும் நிறுவனமொன்றிடம் இவ்வேலையை ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விபரங்களுடனேயே சில கருவிகள் இணைய ஏலத்தில் விலைபோயின. 2022இல் அந்நாட்டுப் பிணையங்கள், பரிவர்த்தனைகள் ஆணைக்குழு விதித்த தண்டம் 35 மில்லியன் டொலர்.

தண்டம் கட்டினால் வங்கிக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். எங்களுக்கு?

ஆகவே நிர்வாகிகளிடம் கேட்கிறேன்: வன்தட்டைக் கழற்றி, முழுவதும் மேலெழுதுங்கள்; அல்லது கண்முன்னே நொறுக்குங்கள். பிறகு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்து, ஒவ்வொரு கருவியின் தொடரிலக்கத்துக்கும் எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். தெருவோரத்தில் கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவனின் நெஞ்சும் அதனால் கொஞ்சம் தப்பும்.

அன்று நிறுவையில் கிடைத்த காசில் எல்லோருக்கும் பணிசும் தேநீரும் வாங்கினார்கள். நானும் குடித்தேன்.