ராம் ஜோடி... பொருத்தம் பார்த்தாச்சா?

சேர்த்துச் சோதித்த ஜோடி என்ற நம்பிக்கையில்தான் இரண்டு 8 ஜிபி ராம் உள்ள 'கிட்'டை வாங்குகிறார்கள். ஆனால், ஸ்டிக்கர் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே ஒன்றில் சாம்சங் சிப், இன்னொன்றில் மைக்ரான் சிப் இருக்கலாம். மாடல் நம்பரை மாற்றாமல் சிப்பை மட்டும் மாற்றுவது இந்தத் தொழிலில் சகஜம்!

சாதாரண வேகத்தில் பெரும்பாலும் ஓடிவிடும். பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு வேகம் கூட்டும்போதுதான் வம்பு. திடீர் நீலத்திரை, பாதியில் ரீஸ்டார்ட்... பாவம், பழி விண்டோஸ் மேல் விழும்.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் 'எஸ்பிடி' பக்கத்தைத் திறந்து, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். சிப் தயாரித்த கம்பெனி பெயர் அங்கே தெரியும். கோர்செய்ர் ராம் என்றால் லேபிளில் உள்ள 'வெர்' எண்ணையும் ஒப்பிடலாம். வேறுபட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குப் போய்விடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். இரண்டையும் மாற்றச் சொல்லுங்கள்.